நானூற்றுப் பன்னிரண்டு நாள்

"நானூத்திப் பன்னெண்டு நாளுக்கா. நேத்தோட அத்துப்போச்சு."

எம்.எஸ்ஸி. படிக்கும் பெனிட்டா அழாத குறையாக நின்றாள்.

பல்கலைக்கழக வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் தாஹிரா. நாலு வருஷம் முன்னால் அங்கேயே படித்தவள். பிராஜெக்ட் பிரிண்ட் எடுக்க வருகிற பிள்ளைகள் மனக்குறையையும் கொட்டிவிட்டுப் போவார்கள். அவள் புத்திமதி சொல்ல மாட்டாள். கடையில் கூட்டம் சேர்வதே அதனால்தான்.

"யாரு அறுத்தது?"

"சுகிர்தா. அட்மிஷன் வரிசையில பழக்கமானவ. மதுரையில படிக்கா. ஃபோன்ல ஒரு ஆப்புக்கா, அதுல தினம் ஆளுக்கொரு படம் அனுப்பணும்; எத்தன நாளுன்னு அதுவே எண்ணும். ஒரு நாள் ஒருத்தி விட்டாலும் கணக்கு மொதல்லேருந்து ஆரம்பிக்கணும். காய்ச்சல்லகூட நான் விட்டதில்லக்கா."

"அவகிட்ட கேட்டியா?"

"கேக்காம? 'நீயெல்லாம் ஒரு ஃப்ரெண்டா'ன்னு போட்டேன். இன்னும் பாக்கவே இல்ல."

ஃபோனை மேசைமேல் கவிழ்த்து வைத்தவள், "எனக்குன்னு வேற யாருக்கா இருக்கா?" என்றாள்.

மெஸ்ஸில் இரண்டு வருஷமாகத் தனியாகச் சாப்பிடுகிற பெண். பாவம், அவள் சொன்னதில் பொய்யில்லை.

"அவ அனுப்பின படமெல்லாம் இருக்கா?"

"சேத்து வச்சிருக்கேன்."

"கடைசி முப்பத எனக்கு அனுப்பு."

மிஷின் முப்பது தாளைத் தள்ளியது. தாஹிரா அவற்றை மேசையில் வரிசையாகப் பரப்பினாள்.

முதல் தாளில் ஹாஸ்டல் அறையின் மேற்கூரை, துருப்பிடித்த ஃபேன். அடுத்ததிலும் அதே ஃபேன். அதற்கடுத்ததிலும்.

"என்ன புள்ள, ஒரே ஃபேனா இருக்கு?"

"படுத்துக்கிட்டே எதையாச்சும் எடுத்து அனுப்புறதுதானக்கா. நானும் செவுத்தத்தான் அனுப்புவேன். விட்டுப்போகக் கூடாதுல்ல."

தாஹிரா இருபதாவது தாளின்மேல் விரலை வைத்தாள்.

அதில் ஃபேன் இல்லை. வெள்ளை மேற்கூரை. ஓரத்தில் ஒரு கம்பி, அதில் தொங்கும் குளுக்கோஸ் பாட்டில்.

பெனிட்டா அடுத்த தாளை எடுத்தாள். பாட்டில். அதற்கடுத்ததிலும் பாட்டில். கடைசித் தாள்வரைக்கும் அதுதான். ஒவ்வொன்றையும் வந்த நிமிஷமே திறந்து பார்த்தவள் அவள்.

அனுப்பிய மெசேஜை அழித்தாள். அதைப் பார்க்கும் நிலையில் சுகிர்தா இருந்தால்தானே.

தாஹிரா தன் ஃபோனை எடுத்தாள்.

"அவ நம்பரச் சொல்லு. நான் கூப்பிடுதேன்."

பெனிட்டா தன் ஃபோனில் தேடினாள். ஆப்பில் சுகிர்தாவின் பெயர் மட்டும்தான் இருந்தது.

"நம்பர்... நான் கேட்டதே இல்லக்கா."