நாற்பது இருக்கைக்கும் ஒரே சட்டம்

மருதநாட்டை வீரமருதன் என்ற மன்னர் ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் கடைசியாக யார் காதில் பேசினார்களோ, அவர் சொன்னதே சரி என்று நினைப்பார். நாட்டின் கெட்ட நேரம், அந்தக் காதுக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தவர் அமைச்சர் நந்திராயர்.

நாட்டுக்குச் சட்டம் செய்ய ஒரு பேரவை இருந்தது. மொத்தம் நாற்பது இருக்கைகள். முதலாவது மன்னருக்கு, இரண்டாவது அமைச்சருக்கு. மற்றவற்றுக்கு ஊர்க்காரர்களே ஆள் தேர்ந்து அனுப்புவார்கள். அவை வாசலில் ஆளுயரக் கல் ஒன்று நின்றது. சட்டமெல்லாம் வரி வரியாக அதில்தான் இருக்கும். புது வரியைப் பழைய வரிகளுக்குக் கீழே செதுக்க வேண்டும். கீழ் வரி மேல் வரியை மீறினால் செல்லாது. எல்லாவற்றுக்கும் மேலே மன்னரின் பாட்டனார் வெட்டி வைத்த வரி: 'நாற்பது இருக்கைக்கும் ஒரே சட்டம்.'

அந்த வருஷம் தாழையூர்க்காரர்கள் ஓடக்காரன் கங்கைமுத்துவைத் தேர்ந்தெடுத்தார்கள். அதுவரை அந்த இடத்தில் அமைச்சரின் மைத்துனர் ஒன்பது வருஷமாக அசையாமல் உட்கார்ந்திருந்தார். எந்த மதகை எப்போது திறப்பது என்று முடிவு செய்வது பேரவை. மழைக்காலம் வந்தால் மைத்துனர் தன் வாழைத்தோப்பைக் காப்பாற்ற வெள்ளத்தைத் தாழையூர்ப் பக்கம் திருப்பும்படி அங்கே முடிவெடுக்க வைப்பார். வருஷா வருஷம் வீடுகள் மூழ்கின. இன்னொரு மழைக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

கங்கைமுத்து பதவியேற்க வந்த அன்று அமைச்சர் ஓர் ஓலையோடு எழுந்தார்.

"அரசே, நாட்டின் நலனுக்காக ஒரு புது வரி. 'எல்லை ஆற்றுக்கு அக்கரையில் பிறந்தவர் பேரவையில் அமரக் கூடாது.' அந்நிய மண்ணில் பிறந்தவனுக்கு நம் மண் மேல் பாசம் வருமா? இதோ நிற்கிறானே, இவன் அக்கரையில் பிறந்தவன்!"

"உண்மையா?" என்றார் மன்னர்.

கங்கைமுத்துவுக்கு முகம் வாடிவிட்டது. "நான் தலைச்சன் புள்ளைங்க, சாமி. ஆத்தாவுக்குப் பொறந்த வீடு அக்கரையில. வளைகாப்புப் போட்டு அங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க. மூணு மாசக் கைக்குழந்தையா இங்க வந்தேன். இப்பவும் தினம் நாலு தடவை அக்கரைக்கு ஓடம் விடறேன். அதுக்கப்புறம் ஒரு நாள்கூட அங்க தங்கினதில்லீங்க!"

"ஒப்புக்கொண்டான்!" என்று அமைச்சர் கை தட்டினார்.

மன்னர் தலையை ஆட்டிவிட்டு, சபையில் ஓலை வாசிக்கும் சாத்தப்பனைப் பார்த்தார். "என்ன சாத்தப்பா, எல்லாவற்றுக்கும் ஏதாவது சொல்வாயே! இவன் இக்கரையில் பிறந்தான் என்று காட்டு, பார்க்கலாம். இல்லையென்றால் உச்சிப்பொழுதில் வரி கல்லில் ஏறும்."

"பிறந்த இடத்தை என்னால் மாற்ற முடியுமா, அரசே? அமைச்சர் சொல்வதே சரி. செதுக்கிவிடலாம்."

கங்கைமுத்து பெருமூச்சு விட்டான். அமைச்சருக்கே ஆச்சரியம். சாத்தப்பன் சாதுவாகத் தொடர்ந்தான்.

"ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. செதுக்குமுன் புது வரியை ஒவ்வோர் இருக்கைக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். முதல் இருக்கை. அரசே, தாங்கள் பிறந்தது எங்கே?"

"இது என்ன கேள்வி? வருஷா வருஷம் பிறந்தநாள் விருந்தில் நான்தானே சொல்கிறேன்! குன்றூர் அரண்மனையில், என் தாய்மாமன் செய்து வைத்த தங்கத் தொட்டிலில்..." மன்னரின் குரல் தேய்ந்தது. "நானும் தலைச்சன்தான்."

"குன்றூர் எந்தக் கரை, அரசே?"

"அக்கரை" என்று மன்னர் முணுமுணுத்தார்.

அமைச்சர் துள்ளி எழுந்தார். "வரி மற்ற இருக்கைகளுக்கு மட்டும்! மன்னருக்குப் பொருந்தாது!"

"வாசலில் போய் மேல் வரியைப் படித்துவிட்டு வாருங்கள், அமைச்சரே. மன்னரின் பாட்டனார் நாற்பது இருக்கைக்கும் ஒரே சட்டம் என்று வெட்டியிருக்கிறார். உங்கள் வரி அதற்குக் கீழேதானே வரும்? ஆக, முதல் இருக்கை காலி." சாத்தப்பன் அமைச்சரின் ஓலையைக் கையில் எடுத்தான். "இரண்டாம் இருக்கை. அமைச்சர் வீட்டுக்கு நான்காவது பிள்ளை. இக்கரையிலேயே பிறந்தவர். அரசே, இந்த ஓலைப்படி பார்த்தால், உங்கள் ஆசனத்தில் உட்காரும் தகுதி அமைச்சருக்குத் தாராளமாக இருக்கிறது."

மன்னர் மெதுவாகத் திரும்பினார். "ஓகோ! அதற்குத்தானா இந்த வரி?"

அமைச்சர் இரு கையையும் கூப்பினார். "ஐயையோ, அரசே! கனவிலும் அப்படி நினைத்ததில்லை! நானும்... நானும் அக்கரையில்தான் பிறந்தேன்! சத்தியமாக!"

"நான்காவது பிள்ளைக்குமா தாயாரை அக்கரைக்கு அழைத்துப் போனார்கள்?"

"போனார்கள், அரசே! நாலு பிள்ளைக்கும் போனார்கள்! நாலு தடவையும் ஓடத்தில்தான்!" என்று சொல்லி, அமைச்சர் சாத்தப்பனிடமிருந்து தன் ஓலையைத் தானே பிடுங்கி இரண்டாகக் கிழித்தார்.

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் ஒரு பக்கம் சாய்ந்தது. கங்கைமுத்துவைக் கையைப் பிடித்துத் தாழையூர் இருக்கையில் உட்கார வைத்தார். பேரவை அன்று முதல் வேலையாக மதகை எடுத்துக்கொண்டது. இனி வெள்ளம் வாழைத்தோப்பு வழியாக வடியட்டும் என்று முடிவானது. மைத்துனர் ஒருவர்தான் வேண்டாம் என்றார். அவருக்கு அங்கே இருக்கையே இல்லை. மன்னர் தன் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பன் கழுத்தில் போட்டார்.

போட்டுவிட்டு அவன் காதருகில் குனிந்தார். "அது சரி, அமைச்சரின் தாயாருக்கு அக்கரையில் எந்த ஊர்?"

"ஊரா? அவர் பிறந்த வீடு நம் அரண்மனைக்கு அடுத்த தெரு, அரசே."