பண்டிதர் படித்த முதுகு

மணிமுத்தூர் ராஜா மகுடபூபதிக்கு ஒரு பலவீனம். யார் வந்து புதிதாக ஒரு வித்தை காட்டினாலும் மறுநாளே அரண்மனையில் அவருக்கு ஓர் அறை ஒதுக்கிவிடுவார். அப்படித்தான் வடக்கே எங்கிருந்தோ நேத்ரானந்தர் என்றொரு பண்டிதர் வந்து ஒட்டிக்கொண்டார்.

"வாய் பொய் சொல்லும் மகாராஜா, உடம்பு சொல்லாது. ஒருவன் நிற்பதைப் பார்த்தே அவன் மனத்தில் இருப்பதைச் சொல்லிவிடுவேன்" என்றார் பண்டிதர். அவையை ஒருமுறை நோட்டம் விட்டார். "பேசும்போது கையால் வாயை மறைப்பவன் பொய்யன். சொல்லவே சங்கடமாக இருக்கிறது. இந்த அவையில் வாயை மறைக்காமல் பேசுகிறவர் தாங்கள் ஒருவர்தான்."

ராஜா முன்னால் வாய் பொத்திப் பேசுவது அந்த ஊர் மரியாதை. எச்சில் தெறித்துவிடக் கூடாதே என்று மந்திரி முதல் மாட்டுக்காரன் வரை எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். ராஜா யாரைப் பார்த்துப் பொத்துவார், பாவம். ஆனால் ஊரிலேயே உண்மை பேசுகிறவர் நீங்கள்தான் என்று ஒருவர் சொன்னால் யாருக்குக் கசக்கும்? மகுடபூபதி பூரித்துப் போனார்.

அவையில் விகடம் பேசுவதற்கென்றே இருந்த செவ்வந்தியப்பர் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவரும் பொய்யர் கூட்டத்தில் சேர்ந்தார்.

இது இப்படியே வேடிக்கையாகப் போயிருக்கும். அதற்குள் கொழுக்கட்டை காணாமல் போனது. மகாராணியின் வேண்டுதலுக்காக அரண்மனைப் பிள்ளையார் கோயிலுக்கு அண்டா நிறையச் செய்து வைத்திருந்தார்கள். படைக்கும் முன்பே அண்டாவில் பாதி காலி.

"சாமிக்கு வச்சதைத் தின்னவன் யாருன்னு தெரியாம நான் பச்சைத் தண்ணி தொடமாட்டேன்" என்றாள் மகாராணி.

சமையற்காரன் நாறும்பூவை இழுத்து வந்தார்கள். அவன் குனிந்து, வாய் பொத்தி, வெடவெடவென்று நடுங்கினான். "சத்தியமா நான் தொடலீங்க" என்றான்.

"வாயை மறைக்கிறான். கால் நடுங்குகிறது. பார்வை தரையில் இருக்கிறது. இவனேதான் திருடன்" என்றார் பண்டிதர்.

விடிந்ததும் நாறும்பூவை நாடு கடத்துவது என்று முடிவாயிற்று. ராஜா ஏனோ கூரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

வெளியே வந்ததும் நாறும்பூ செவ்வந்தியப்பரின் காலைக் கட்டிக்கொண்டான். "ஐயா, என் பொஞ்சாதிக்கு நிறைமாசம். வண்டிக் குலுக்கலை அவ தாங்கமாட்டா. ராஜா முன்னால நடுங்காம நிக்க எனக்குத் தெரியலீங்களே."

செவ்வந்தியப்பர் அவனைத் தூக்கி நிறுத்தினார். இவன் கையால் எத்தனை வேளை சாப்பிட்டிருக்கிறார். "அழாதப்பா. மூட்டை கட்டாதே" என்று சொல்லிவிட்டுக் கோயில் பக்கம் போனார்.

மறுநாள் காலை கோயில் வாசலில் வண்டி தயாராக நின்றது. வழியனுப்பவோ வேடிக்கை பார்க்கவோ மகாராணியும் மந்திரிகளும் வந்திருந்தார்கள். உச்சிவெயிலுக்கு எழுந்திருக்கும் பண்டிதரைச் செவ்வந்தியப்பர் உலுக்கி எழுப்பிக் கூட்டி வந்தார்.

"பண்டிதரே, சந்நிதியில ஒருத்தர் நிக்கிறார் பாருங்க. முதுகுதான் தெரியுது. முதுகை மட்டும் வச்சு ஆளைச் சொல்றது கஷ்டம்தான். வேண்டாம், விட்டுடுங்க."

"முதுகு போதும்" என்றார் பண்டிதர்.

உள்ளே ஒரு பருத்த ஆசாமி. மேலாடையை இடுப்பில் கட்டி, வெற்று முதுகோடு நின்றார். மந்திரிகள் முகத்தில் ஈயாடவில்லை.

"தோளைக் குறுக்குகிறான், கையால் வாயைப் பொத்துகிறான். பெரிய பொய்யன்" என்று பண்டிதர் உரக்க ஆரம்பித்தார். "அடடா, தன் தலையில் தானே குட்டிக்கொள்கிறான். செய்த குற்றம் உறுத்துகிறது. பாருங்கள், காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழுகிறான். தண்டனையைத் தானே கொடுத்துக்கொள்ளும் திருடனை இன்றுதான் பார்க்கிறேன். ஒன்று நிச்சயம். இவன் இந்தச் சாமியின் பொருளைத்தான் தின்றிருக்கிறான்."

தோப்புக்கரணத்தை முடித்துக்கொண்டு அந்த ஆசாமி மூச்சிரைக்கத் திரும்பினார். மகுடபூபதி. சாமி முன்னால் கிரீடம் ஏது, மேலாடை ஏது?

பண்டிதர் வண்டிப் பக்கம் பின்வாங்கினார். செவ்வந்தியப்பர் பணிவாக முன்னால் வந்தார்.

"மகாராஜா, பண்டிதர் இப்பத்தான் உங்க முதுகைப் படிச்சு, நீங்க சாமி சொத்தைத் தின்னதாச் சொன்னார். அவர் வித்தை சரின்னா, கொழுக்கட்டை போன இடம் தெரிஞ்சுபோச்சு. தப்புன்னா, நாறும்பூ மேலே சொன்னதும் தப்பு. எதுன்னு நீங்களே சொல்லுங்க."

ராஜா மகாராணியைப் பார்த்தார். மகாராணி ராஜாவின் தொந்தியைப் பார்த்தாள்.

"வித்தை சுத்தத் தப்பு. நாறும்பூவை விடுங்க" என்றார் ராஜா. சொல்லும்போது கை தானாக வாய்க்குப் போயிற்று.

நாறும்பூ அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினான். அவனுக்காக நின்ற வண்டியில் பண்டிதர் ஏறினார். யாரும் அவரை ஏறச் சொல்லவில்லை.

எல்லோரும் போன பிறகு ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றிச் செவ்வந்தியப்பர் கழுத்தில் போட்டுவிட்டு, "அந்த ஆள் உளறித்தான் கண்டுபிடிச்சான். உமக்கு எப்படித் தெரிஞ்சது? நீரும் முதுகு படிப்பீரா?" என்று கேட்டார்.

"அந்த வித்தையெல்லாம் எனக்கேது, மகாராஜா" என்றார் செவ்வந்தியப்பர். "நேத்துச் சாயங்காலம் பிரகாரம் சுத்திக்கிட்டிருந்தேன். விடிஞ்சதும் வந்து தோப்புக்கரணம் போடறதா உள்ளே யாரோ வேண்டிக்கிட்டிருந்தாங்க. பிள்ளையாருக்கு யானைக்காது. அவர்கிட்ட மன்னிப்புக் கேக்க அவ்வளவு சத்தம் வேண்டியதில்லை."