ஆறு மணி ரீடிங்

தாணுலிங்கம் முப்பத்துநாலு வருஷம் துணைமின் நிலையத்தில் வேலை பார்த்தவர். அங்கே பாட்டரி அறை என்று ஒன்று உண்டு. கரண்ட் போனாலும் அங்குள்ள பாட்டரி மட்டும் தளரக் கூடாது, எந்நேரமும் சார்ஜ் முழுசாக இருக்க வேண்டும். காலை ஆறு, மாலை ஆறு என்று இரண்டு வேளையும் ரீடிங் எடுத்து நோட்டில் எழுதுவார். அவர் டியூட்டியில் ஒருநாளும் குறைந்ததில்லை.

ஓய்வு பெற்றதும் மரவேலை பழக ஆசை வந்தது. வயர் இல்லாத டிரில் ஒன்று வாங்கினார், இரண்டு பாட்டரியோடு. கோட்டாறில் மரப்பட்டறை வைத்திருந்த ரெஜினா டீச்சரிடம் போய்ச் சேர்ந்தார். டீச்சருக்கு முப்பத்தெட்டு வயது. பேச்சு கம்மி.

மனைவி பகவதிக்கு முழங்கால் முட்டு வலி. "உக்காந்து தாளிக்கதுக்கு ஒரு ஸ்டூல் செஞ்சு தாங்களேன்" என்று கேட்டிருந்தாள். கேட்டு எட்டு மாதம் ஆகிறது. டீச்சரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

ஸ்டூல்தான் ஆகவில்லையே தவிர, பாட்டரிகளுக்கு ஒரு குறையும் கிடையாது. ராப்பகலாக சார்ஜரிலேயே கிடந்தன. ஆறு மணியானால் ரீடிங், நோட்டில் கையெழுத்து. மனுஷன் அதை விடுவாரா!

ஒருநாள் ஒருவழியாகத் துணிந்து டிரில்லைப் பலகையில் வைத்தார். நாலாவது ஓட்டையில் அது முனகி நின்றுவிட்டது. அடுத்ததை மாட்டினார். பெட்டியிலிருந்து எடுத்த நாள் முதல் ஒரு வேலையும் பார்க்காத பாட்டரி. அதுவும் மூன்று ஓட்டையோடு சரி. அவருக்கு மனசே ஆறவில்லை. இரண்டையும் நோட்டையும் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடினார்.

"டீச்சர், இதுகளை ஒரு நாளும் பட்டினி போட்டதில்லையே. எப்பிடிச் செத்துச்சு?"

டீச்சர் தன் டிரில்லிலிருந்து பாட்டரியைக் கழற்றி நீட்டினார். பெயின்ட் உரிந்து, மூலையெல்லாம் தேய்ந்து போயிருந்தது. பொத்தானை அழுத்தினார். நாலு விளக்கில் இரண்டு எரிந்தன.

"பாதிதானே இருக்கு?"

"வேலை இல்லாதப்ப அப்பிடித்தான் வைப்பேன். ஏழு வருஷமா உழைக்குது."

"முழுசா வச்சா?"

"இந்த ரகம் நிரம்பிச் சும்மா கிடந்தா கெட்டுப்போகும், அண்ணாச்சி. உங்க ஆபீஸ் பாட்டரி வேற ரகம்."

முப்பத்துநாலு வருஷ சர்வீஸ் இப்படியா காலை வாரிவிடும்! தாணுலிங்கத்துக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் தெரிந்துகொள்ளும் ஆசை வெட்கத்தை விடப் பெரிது. நோட்டைப் பிரித்தார்.

"அப்போ எத்தனை வோல்ட்டில நிப்பாட்டணும்? வெயில் காலத்துக்கு எவ்வளவு? எத்தனை நாளைக்கு ஒருக்க ரீடிங் எடுக்கணும்?"

டீச்சர் நோட்டை வாங்கிப் புரட்டினார். பதினாலு மாதம், இரண்டு வேளை. ஒரு நாள் விடுபடவில்லை.

"அழகா எழுதியிருக்கீங்க. அக்காவுக்கு முட்டு எத்தனை உயரம்?"

"என்னது?"

"ஸ்டூலுக்கு அளவு தெரியாண்டாமா?"

தாணுலிங்கம் நோட்டை வாங்கி மூடினார். அந்த அளவு அதில் இல்லை. டீச்சர் தன் பாட்டரியையும் ஒரு அளவு டேப்பையும் அவர் கையில் வைத்தார்.

"உங்க டிரில்லுக்கும் இது சேரும். கொண்டு போங்க."

வீட்டில் அவர் டேப்போடு தரையில் உட்கார்ந்ததும் பகவதிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"எந்தக் கால்ல வலி?" என்று கேட்டார்.

அவள் சிரிப்பு நின்றது. "வலது. இப்பத்தான் கேக்கியளா?"

அன்று ராத்திரியே பலகையில் அளவைக் குறித்தார்.

நாலாம் நாள் ஸ்டூல் அடுப்படிக்குப் போயிற்று. ஐந்தாம் நாள் தாணுலிங்கம் பாட்டரியைத் திருப்பிக் கொடுக்க வந்தார்.

"எட்டு ஓட்டை டீச்சர். இன்னும் ஒரு விளக்கு எரியுது! அவ உக்காந்து மீன் பொரிச்சா. வலது முட்டுலயாம் வலி, எனக்கு இத்தனை நாளும் தெரியல."

டீச்சர் பாட்டரியை வாங்கித் தன் டிரில்லில் மாட்டினார்.

தாணுலிங்கத்தின் கையில் நோட்டு இருந்தது. பாதிக்கு மேல் வெற்றுத் தாள். அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இனிமே ஆறு மணிக்கு ரீடிங் எடுக்காண்டாம், இல்லையா?"

"எடுங்க அண்ணாச்சி. ரெண்டு வேளையும் எடுங்க. வலது முட்டு எப்பிடி இருக்குன்னு கேட்டு எழுதுங்க."