பூவாயி நிறுத்திய காற்று

அருவிக்கரை விடுதியில் காவலுக்கு இருந்தவள் பூவாயி ஒருத்திதான். எப்போதாவது வருகிறவர்கள் படமெடுப்பதை வேடிக்கை பார்ப்பதே அவளுக்குத் துணை.

ஒருநாள் விருதெல்லாம் வாங்கிய புகைப்படக்காரர் ஆராவமுதன் வந்தார். கேமராவை மூன்றுகால் ட்ரைபாடில் நிறுத்தி, பட்டனை விரலால் அழுத்தியபடியே ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்து அருவியை எடுத்தார். காற்று பலமாக அடித்தது; எல்லாப் படமும் கலங்கியே வந்தது.

"இந்தக் காத்தை நிறுத்து. இல்லேன்னா உன் வேலை போயிடும்," என்றார்.

பூவாயி ட்ரைபாடின் நடுவில் ஒரு கல்மூட்டையைத் தொங்கவிட்டாள்.

"கேமரா தானா எடுக்கிற மாதிரி டைமர் வச்சிட்டு அந்தப் பாறைகிட்ட போய் நில்லுங்க சார், நிறுத்திடுறேன்."

போய் நின்றார். படம் பளிச்சென்று விழுந்தது.

"எப்படி நிறுத்தினே?"

"காத்து இன்னும் அடிக்குதுங்க. மூட்டை ட்ரைபாடைப் பிடிச்சுக்கிச்சு. நான் உங்க விரலை மட்டும்தான் நிறுத்தினேன்."

அவர் ஜீப்பில் ஏறிப் போனார். சொல்லிச் சிரிக்க ஆளில்லாததால், பூவாயி அந்தப் பதிலை அருவியைப் பார்த்து இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னாள்.