தேன்குன்று யாருக்கு?

குன்றுகளுக்குக் காது இருந்த காலம் அது, கேளுங்கள். மேலைநாட்டுக்கும் கீழைநாட்டுக்கும் நடுவே தேன்குன்று என்று ஒன்று இருந்தது. "எங்களுடையது!" என்றார் இந்த ராஜா. "எங்களுடையது!" என்றார் அந்த ராஜா. இருவரும் போர் முரசு கொட்ட, குன்றுக்குள் தூங்கிக்கொண்டிருந்த பூதம் விழித்துக்கொண்டது. பாதித் தூக்கத்தில் எழுப்பினால் யாருக்குத்தான் கோபம் வராது?

குன்றில் தேனெடுத்துப் பிழைக்கும் செம்பாயியின் கைக்குழந்தையைப் பூதம் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டது.

"இரண்டு நாட்டையும் பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் வா. மக்கள் எங்கே நன்றாக வாழ்கிறார்களோ, அவர்களுக்கே குன்று. பொய் சொன்னால் பிள்ளை கல்லாகிவிடும்."

செம்பாயி கையிலிருந்த தேன்குடத்தோடு ஓடினாள், ஓடினாள், ஓடிக்கொண்டே இருந்தாள்.

மேலைநாட்டில் மாடி வீடுகள், மழமழவென்று சாலைகள். ஆனால் கோட்டை வாசலில் காவலன் இளித்தான்: "கொஞ்சம் கவனிச்சுட்டுப் போம்மா." தேன் கொடுத்தாள். தண்ணீர் குடிக்கப் போன கிணற்றடியிலும் அதே பேச்சு. வைத்தியசாலையிலும் அதே பேச்சு. கவனிக்க வழியில்லாத கிழவர் ஒருவர் காய்ச்சலோடு அதன் வாசலிலேயே கிடந்தார்.

கீழைநாட்டில் ஒழுகும் கூரைகள், குண்டும் குழியுமான பாதை. கூழுக்கே திண்டாட்டம். அங்கும் வாசலில், கிணற்றடியில், வைத்தியசாலையில், "கொஞ்சம் கவனிச்சுட்டுப் போம்மா." மேலையில் நாற்காலி போட்டுக் கேட்டார்கள். கீழையில் வெயிலில் நிற்கவைத்துக் கேட்டார்கள்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மூச்சிரைக்கத் திரும்பினால், குன்றின் மேல் இரண்டு ராஜாக்களும் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். யார் பெயரைச் சொன்னாலும் மற்றவரின் படை குன்றைக் கொளுத்திவிடும். பாவம், என்ன செய்வாள்? பட்டும் படாமலும் சொன்னாள்:

"ரெண்டு நாட்டுலயும் கவனிப்புக்குக் குறைச்சலே இல்லைங்க சாமி."

குழந்தையின் கால்விரல்கள் கல்லாயின! பூதத்துக்குத் தெரிந்த கவனிப்பு பழைய கவனிப்பு. அதற்கு அன்பு என்று பொருள்.

"ஐயோ, என் புள்ள! லஞ்சம் சாமி, லஞ்சம்! அங்க வயிறு ரொம்பினவங்ககிட்ட வாங்குறாங்க, இங்க பசிச்சவங்ககிட்டயும் வாங்குறாங்க. இந்தக் குடத்தைப் பாருங்க, ஒரு சொட்டுத் தேன் இல்ல!"

விரல்கள் மறுபடி அசைந்தன. பூதம் ராஜாக்கள் பக்கம் திரும்பியது.

"குன்று வேண்டுமென்றால் கையை நீட்டுங்கள். லஞ்சம் வாங்கிய கை கல்லாகும். வாங்காத கைக்குக் குன்று."

மேலைராஜாவின் கை முதுகுக்குப் பின்னால் போனது. கீழைராஜாவின் கை சால்வைக்குள் போனது. படைவீரன் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டான்.

செம்பாயிக்குக் குன்றெல்லாம் நினைப்பில் இல்லை. பிள்ளையை வாங்க இரண்டு கைகளையும் நீட்டினாள்.

பூதம் பிள்ளையைக் கொடுத்தது. நீட்டிய கை அவளுடையது மட்டும்தான். குன்றும் அவளுக்கே ஆனது.

ராஜாக்கள் கையை வெளியே எடுக்காமலே இறங்கிப் போனார்கள். பூதம் மறுபடி படுத்துக்கொண்டது, ஆனால் ஒரு கண்ணை மூடவில்லையாம். அதனால், கேட்டவர்களே, எங்கேயாவது கை நீட்டும்போது விரல் நுனி மரத்துப்போனால், சட்டென்று இழுத்துக்கொள்ளுங்கள்.