கவிழ்ந்து கிடந்தவளுக்கு ஏற்றிய கொடி

படகுகள் தாங்களே பேசி, தாங்களே சண்டை போட்டு, தாங்களே சமாதானமும் ஆகிக்கொண்டிருந்த ஒரு சின்னத் துறைமுகம் முன்னொரு காலத்தில் இருந்தது. அங்கே எந்த வழக்கு வந்தாலும் தீர்ப்புச் சொல்ல மூன்று பேர் கொண்ட மன்றம் ஒன்று உண்டு. சேற்றில் பாதி புதைந்து கிடந்த நங்கூரம் அதற்குத் தலைவர். அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அவரை அதிலிருந்து கிளப்புவது லேசுப்பட்ட காரியம் இல்லை. இரண்டாவது கலங்கரை விளக்கம். தன் கண்ணுக்குத் தப்பியது உலகத்தில் எதுவும் இல்லை என்ற நினைப்பு அதற்கு. மூன்றாவது ஆள் மிதவை. அலை எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் தலையாட்டுவான்.

இந்த மூவருக்கும் சேவகம் பார்த்தவன் கொடிக்கயிறு. துறைமுகத்துக் கம்பத்தில் மஞ்சள் கொடியை ஏற்றுவதும் இறக்குவதும் அவன் வேலை. கொடி ஏறினால் மன்றம் யாரையோ கூப்பிடுகிறது என்று அர்த்தம். கொடிக்குக் கீழே எந்த நிறத் துணி பறக்கிறதோ, அந்த நிறத்துப் படகு கடல் மூன்று தடவை ஏறி வற்றுவதற்குள் வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் அதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொள்வார்கள். இந்த ஏற்பாட்டில் கொடிக்கயிற்றுக்குப் பெருமை தாங்காது. தான் ஒரு இழுப்பு இழுத்தால் ஊரே தலை நிமிர்ந்து பார்க்கிறதே!

ஐப்பசிப் புயலில் லூர்துமணி என்ற நீல வள்ளத்துக்கு அடிப்பலகை பிளந்துவிட்டது. அவளுக்குப் பின்னால் எப்போதும் கட்டியிருக்கும் குட்டித் தோணி செவந்தியும் அவளோடு சேர்ந்து பாதி முழுகிவிட்டாள். இருவரையும் கரைக்கு இழுத்து வந்தபோது மன்றம் கூடியது.

"ஓட்டை வள்ளத்துக்குப் பின்னால பிள்ளையைக் கட்டி விடமுடியாது" என்றார் நங்கூரம்.

"முடியாதுதான் ஐயா" என்றாள் லூர்துமணி. "என் ஓட்டையை நான் மறைக்கல. ஆனா பிள்ளைய நான் பாக்கணும்."

அவள் கேட்டது நியாயம் என்று மூவருக்கும் பட்டது. படகுத்துறைப் பாலத்துச் சுவரில் தாரால் உத்தரவை எழுதி வைத்தார்கள். செவந்தி துறைமுகத்தின் பொறுப்பில் கொடிக்கம்பத்தின் அடியில் கட்டப்பட்டிருப்பாள். பௌர்ணமிதோறும் சாயங்காலம், கடல் ஏறி வற்றும் நேரம் வரை, தாய் அவள் பக்கத்தில் வந்து நிற்கலாம். தாயின் முறை வந்ததும் அவள் தச்சுக் கொட்டகையில் கவிழ்ந்து படுத்து ஓட்டையை அடைத்துக்கொள்ள வேண்டும். மூத்த உளி போதும் என்று சொல்லும்வரை அசையக் கூடாது. தாயைக் கூப்பிட்டுக் கேட்காமல் இந்த உத்தரவில் எதையும் மாற்றுவதில்லை. நல்ல உத்தரவுதான், குறை சொல்ல ஒன்றும் இல்லை.

முதல் பௌர்ணமிக்கும் இரண்டாவது பௌர்ணமிக்கும் லூர்துமணி தவறாமல் வந்தாள். உள்ளே கசிந்த தண்ணீரை இறைத்துக்கொண்டே வந்து மகளை ஒட்டி நின்றாள். செவந்தி மூச்சுவிடாமல் பேசினாள். நண்டு கடித்தது, மழை பெய்தது, மிதவை மாமா தூங்கி வழிந்தது எல்லாம் சொல்லி முடிப்பதற்குள் கடல் வற்றிவிட்டது.

அதற்கடுத்த வாரம் கொட்டகையில் லூர்துமணியின் முறை திடீரென்று வந்தது. அவளைக் கவிழ்த்துப் போட்டார்கள். விரிசலில் பஞ்சைத் திணித்துக் குங்கிலியத்தைக் காய்ச்சிப் பூசினார்கள்.

"எண்பது நாள். நடுவுல புரண்டேன்னா அத்தனையும் வீண்" என்றது மூத்த உளி.

"பௌர்ணமிக்குப் பிள்ளையப் பாக்கப் போகணுமே!"

"ஓட்டையோட போய்ப் பார்த்து என்ன செய்யப்போற? அடைச்சுட்டுப் போ, கையோட கூட்டிட்டே வந்திரலாம்."

யாரிடமாவது சொல்லி அனுப்பலாம் என்றால் உளியும் சுத்தியலும் கொட்டகையை விட்டு வெளியே கால் வைத்தறியாத ஆட்கள். லூர்துமணி மணலில் முகம் புதைத்துக் கிடந்தாள். பௌர்ணமி வந்ததை அவள் கடலின் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டாள். மகள் காத்திருப்பாளே என்று தவித்தாள். ஆனால் அசையவில்லை. உத்தரவு அப்படி.

கம்பத்தடியில் செவந்தி அன்று முழுவதும் அம்மா வழக்கமாக வரும் வாய்க்கால் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த பௌர்ணமிக்கும் அப்படியே பார்த்தாள். பிறகு பேச்சு குறைந்துபோனது.

அந்த நேரத்தில்தான் ராஜகன்னி என்ற விசைப்படகு மன்றத்துக்கு வந்தாள். நல்லவள். வசதிக்கும் குறைவில்லை. "எனக்குப் பின்னால கட்ட ஒரு குட்டி இல்ல. அந்தப் பிள்ளை வாடிக் கிடக்கு. எனக்கே எனக்குன்னு தந்தா கண்ணுபோல பாத்துக்கிடுவேன்" என்றாள்.

"தாயைக் கேட்காமக் குடுக்கமுடியாது" என்றார் நங்கூரம். சட்டம் தெரிந்தவர் அல்லவா? "ஏத்துடா கொடியை."

கொடிக்கயிறு இழுத்த இழுப்பில் மஞ்சள் கொடி விர்ரென்று ஏறியது. கீழே நீலத்துணி படபடத்தது. செவந்தி அண்ணாந்து பார்த்தாள்.

"கயிறண்ணே, அது எங்கம்மா நிறம்தான?"

"ஆமா."

"அம்மாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாம எப்படி? ஊருக்கே தெரியும்" என்றான் கொடிக்கயிறு.

கடல் மூன்று தடவை ஏறியது, மூன்று தடவை வற்றியது. நீல வள்ளம் வரவில்லை. நங்கூரம் கேட்டார், "கொடி ஏறிச்சா?" கொடிக்கயிறு சொன்னான், "ஏறிச்சு ஐயா." விளக்கு, "நானே கண்ணால பாத்தேன், அருமையாப் பறந்துச்சு" என்றது. மிதவை தலையாட்டினான். முந்தைய உத்தரவுக்கு நேர் கீழே தாரால் இன்னொரு வரி ஏறியது. தாயைக் கூப்பிட்டோம், வரவில்லை. பிள்ளைமேல் அவளுக்கு அக்கறை இல்லை. பார்க்கும் உரிமை நிறுத்தப்படுகிறது. வரும் பௌர்ணமியன்று செவந்தி ராஜகன்னிக்கு உரியவள் ஆவாள்.

செவந்தி அதைக் கேட்டாள். அழவில்லை. கம்பத்தைச் சுற்றி மெதுவாகத் திரும்பி, கடலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். அதற்குப் பிறகு அவள் கொடிக்கயிற்றிடம் எதுவும் கேட்கவில்லை. அந்த மௌனம் அவனை என்னவோ செய்தது. ஆனாலும் தன் வேலையைத்தானே செய்தோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

பௌர்ணமியும் வந்தது. சாயங்காலம் ராஜகன்னி தோரணம் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். அதே வேளையில் வாய்க்கால் வழியாக லூர்துமணியும் வந்தாள். முந்தின நாள்தான் அவளை நிமிர்த்தியிருந்தார்கள். புதுச் சாயம் பளபளக்க, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே கசியாமல், கல்யாண வீட்டுக்கு வருகிறவள் போல வந்தாள்.

"நில்லு!" என்றது விளக்கு. "உனக்கு இனிமே அனுமதி இல்ல."

"எனக்கா? ஏன்?"

"கூப்பிட்டோம், நீ வரல" என்றார் நங்கூரம்.

"எப்ப கூப்பிட்டீங்க?"

"கொடி ஏத்துனோம்."

"நான் பாக்கலியே ஐயா!"

விளக்குக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்தாம்மா, காத தூரத்துக் கப்பல்காரன் பாத்தான். நான் பாத்தேன். நண்டு பாத்துச்சு. நீ ஒருத்திதான் பாக்கலியாக்கும்? பிள்ளைமேல பாசம் இருக்கவ கொடிய எப்படிப் பாக்காம இருப்பா?"

மூன்று பேருக்கு எதிரே தனியாக நிற்கிறவளுக்கு, தான் சொல்லவேண்டியது நாக்கு நுனிவரை வந்து நின்றுவிடுகிறது. "இல்ல... நான் அங்க..." என்று தொடங்கினாள் லூர்துமணி, அழுகை முட்டியது. செவந்தி இன்னும் திரும்பவில்லை.

"அவ்வளவுதான? ராஜகன்னி, முன்னால வா" என்றார் நங்கூரம். "கயிறு, பிள்ளையை அவிழ்த்து விடு."

கொடிக்கயிறு அவிழ்க்கக் குனிந்தான். அப்போது பாலத்துச் சுவர் அவன் கண்ணில் பட்டது. அவன் தினமும் பார்க்கிற சுவர்தான். மேலே பழைய வரிகள், கீழே புது வரிகள். இரண்டையும் ஒரே மூச்சில் இதற்கு முன்னால் அவன் வாசித்ததில்லை. வாசித்ததும் அவிழ்ப்பதை விட்டு நிமிர்ந்தான்.

"ஐயா, ஒரு வார்த்தை."

"உன்னை யாரும் கேக்கலியே?"

"கேக்கல. கேக்காட்டியும் அன்னைக்கே சொல்லியிருக்கணும். கொடி ஏறிச்சான்னு மட்டுந்தான் கேட்டீங்க, ஏறிச்சுன்னேன். அது பொய்யில்ல. ஆனா இவ மேல இருக்க புதுச் சாயத்தப் பாருங்க. அந்த நேரத்துல இவ கொட்டகையில முதுகு மேல, முகம் மணலுக்குள்ள கிடந்திருக்கா. அப்படிக் கிடக்கறவ தலைக்கு மேல பறக்கற கொடிய எங்ஙன பாப்பா?"

"அவள யாரு அப்படிக் கிடக்கச் சொன்னது?" என்று சீறியது விளக்கு.

"மேல் வரியப் படிங்க" என்றான் கொடிக்கயிறு.

விளக்கு படித்தது. மிதவை படித்தான். நங்கூரம் படிக்கவில்லை, அவருக்கே ஞாபகம் வந்துவிட்டது.

"அசையக் கூடாதுன்னு சொன்னதும் நாமதான்" என்றார் அவர். "வரலன்னு எழுதுனதும் நாமதான்." பிறகு அவர் செய்த காரியத்தை அந்தத் துறைமுகம் அதுவரை கண்டதில்லை. சேறு கலங்கக் கலங்கத் தம்மைத் தாமே ஒரு முழம் கிளப்பிக்கொண்டு, "அந்தக் கீழ் வரியை அழிங்க" என்றார். "பிள்ளை யார்கிட்ட இருக்கணுங்கறதை இனிமேதான் பேசணும். லூர்துமணி, நீ சொல்லவேண்டியது எல்லாத்தையும் நாளைக்கு ஆற அமரச் சொல்லு, கேக்கோம். ராஜகன்னி, உன் பேச்சையும் கேப்போம்."

"எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல" என்றாள் ராஜகன்னி. தோரணத்தைச் சுருட்டிக்கொண்டே, "தாய்க்கு அக்கறை இல்லன்னு சொன்னாங்க, அதான் வந்தேன். இருக்கறவளுக்குத் தெரியாம எடுத்துட்டுப் போக நான் என்ன கள்ளியா?" என்று சொல்லிவிட்டு விலகி நின்றாள்.

"இன்னைக்குப் பௌர்ணமி" என்றார் நங்கூரம், லூர்துமணியைப் பார்த்து. "உன் நேரம். போம்மா."

லூர்துமணி மகளை ஒட்டி வந்து நின்றாள். செவந்தி விலகினாள். தாய் மறுபடி ஒட்டினாள், மகள் மறுபடி விலகினாள். சுவரில் இருந்த தாரைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். இந்த மனத்தாங்கலைச் சுரண்டி எடுக்க மன்றத்திடம் கருவி இல்லை. லூர்துமணி காத்து நின்றாள்.

கடல் ஏறியது. கம்பத்தடியில் தாழ்ந்து கிடந்த செவந்தி தண்ணீரோடு சேர்ந்து மெல்ல உயர்ந்தாள்.

"எங்க போயிருந்த?" என்றாள், திரும்பாமலே.

"எங்கயும் போகல மக்கா. கொட்டகையிலதான் கிடந்தேன்."

"கொட்டகை எங்க இருக்கு?"

"அந்தா, கல்லுக்கு அந்தப் பக்கம். ஓலைக் கூரை தெரியுதுல்லா?"

இத்தனை மாதமும் துறைமுகத்துக் கற்சுவர் மறைத்திருந்த பக்கம் அது. பௌர்ணமி ஏற்றம் இன்னும் கொஞ்சம் தூக்கிவிட்டதும், செவந்தி சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"அதுவா?" என்றாள். "இந்தா இங்கனதான இருக்கு!"

நங்கூரம் சேற்றைப் பார்த்தார். விளக்கு கடலைப் பார்த்தது. மிதவைக்குத் தலையாட்ட ஓர் அலைகூட வரவில்லை.

கொடிக்கயிறு கம்பத்தின் உச்சியிலிருந்து அந்த ஓலைக் கூரையைப் பார்த்தான். தன் நீளம் எவ்வளவு என்று அவனுக்குத் தெரியும். கொட்டகை அதைவிடப் பக்கத்தில், முனையை நீட்டி லூர்துமணியைத் தொட்டுக் கூப்பிட்டிருக்கக்கூடிய தூரத்தில் இருந்தது.