முன்சக்கர ஆட்டம்

போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளில் தவசியின் ஜீப்தான் மூத்தது. மலைப்பாதையில் அவரைப்போல் வண்டி ஓட்ட ஆள் கிடையாது. ரிப்பேர் மட்டும் தெரியாது. அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த கூட்டாளி காசிமாயன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டான். அதனால் தலை நரைத்தபிறகு, தன்னைவிட இளையவளான சகாயராணியின் பட்டறையில் தவசி வேலை பழகச் சேர்ந்தார். அவள் அவரை அண்ணே என்பாள். அவர் அவளை மாஸ்டர் என்பார்.

ஒருநாள் காலை, மலையேறுவதற்கு முன் வரும் சமதள ரோட்டில் முன்சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறியது. அவ்வளவுதான். ஸ்டீரிங் அவர் கையை உதறிக்கொண்டு ஆடியது. வண்டியே நடுங்கியது. ஒச்சம்மா என்ற பெண்ணின் நெற்றி கம்பியில் மோதி ரத்தம் வந்தது.

அவள் முந்தானையால் நெற்றியை அழுத்திக்கொண்டு இறங்கினாள்.

"கோவிச்சுக்கிறாதீங்கண்ணே. நாளையிலருந்து நாங்க வேற வண்டியில போய்க்கிறோம்."

மற்றவர்களும் இறங்கினார்கள். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

தவசி வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.

"டயரு மாத்தியாச்சு, மாஸ்டர். பேலன்ஸ் பாத்தாச்சு. புது டேம்பரும் போட்டாச்சு. கொஞ்ச நாளைக்கு நல்லா இருக்கு, அப்புறம் பழையபடி ஆடுது. எதனால?"

சகாயராணி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனாள். ஸ்டீரிங்கின் உதறலை வாங்கிக்கொள்வதற்காக மாட்டியிருந்த அந்தப் புது டேம்பரைக் கழற்றித் தரையில் வைத்தாள்.

"இருந்த ஒண்ணையும் கழட்டிட்டீங்களே!"

"இது ஆட்டத்தை நிறுத்தலண்ணே. உங்க கைக்குத் தெரியாமப் பாத்துக்கிச்சு. ஏறுங்க."

ரோட்டுக்குப் போனார்கள். சைக்கிள்காரன் முந்திப்போகும் வேகத்திலேயே ஸ்டீரிங் உதறத் தொடங்கியது. தவசி பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கிப் பிடித்தார். உதறல் கூடியது.

"இறுக்காதீங்க. வேகத்தைக் குறைங்க."

குறைத்தார். அடங்கியது.

பட்டறைக்குத் திரும்பியதும் அவர் ஜாக்கியைத் தேடினார். அவள் தடுத்தாள்.

"தூக்கினா தெரியாது. சக்கரம் பாரத்தோட தரையிலயே இருக்கட்டும். நான் ஸ்டீரிங்கை அங்கிட்டும் இங்கிட்டும் அசைக்கிறேன். நீங்க கீழ படுத்துப் பாருங்க. சேந்து அசையவேண்டிய இடத்துல எது தனியா அசையுது?"

தவசி படுத்தார். மேலே ஸ்டீரிங் அசைந்தது. கம்பிகள் ஒன்றையொன்று தள்ளின.

"தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல."

"இன்னொரு தடவை பாருங்க."

அவருக்கு முதல் தடவையே தெரிந்துவிட்டது. சக்கரத்தைத் திருப்பும் இரும்புக் கையில், புதுசாகப் போட்ட டை ராடு என்ற இணைப்புக் கம்பியின் முனை சிக்கென்று உட்காரவில்லை. அது உட்காரும் ஓட்டை முட்டைபோல் தேய்ந்திருந்தது. ஓட்டையைச் சுற்றிக் கரடுமுரடாக ஒரு வெல்டிங்.

அந்த வெல்டிங்கை அவருக்குத் தெரியும். மலையில் அடைமழை பெய்த ஒருநாள் அந்த இரும்புக் கை விரிசல்விட்டது. பெண்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு டீக்கடை ஓரம் ஒண்டினார்கள். காசிமாயன் அந்த இரும்பைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு எஸ்டேட் பட்டறைக்கு நடந்தான், தானே பற்றவைத்துக் கொண்டுவந்து மாட்டினான். இருட்டப்போகிறதென்று எல்லோரும் அவசரப்பட்டார்கள். அவன் யாரையும் ஏறவிடவில்லை. தனியாக ஒரு வளைவு இறங்கி, ஏறி வந்து, "இப்ப ஏறுங்க தாயி" என்றான். இறங்கும் வழியெல்லாம் பின்படியில் தொங்கிக்கொண்டு நனைந்தபடி பாடினான். பெண்கள் கூடவே பாடினார்கள். அன்றைக்குப்போல் அந்த ஜீப் பிறகு எப்போதும் சிரித்ததில்லை.

அவன் போனபிறகு எத்தனையோ மெக்கானிக்குகள் அந்தக் கையை மாற்றச் சொன்னார்கள். அதைச் சுற்றி இருந்த எல்லாவற்றையும் தவசி மாற்றினார்.

"அண்ணே?"

"தெரியுது, மாஸ்டர். இது ஒண்ண மட்டும் விட்டுட்டு வேற ஏதாவது செய்ய முடியுமா? இது காசிமாயன் கை வச்சது."

ஸ்டீரிங் நின்றது. மேலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"எதுக்காகண்ணே அவரு கை வச்சாரு?"

தவசி அந்த வெல்டிங்கை ஒருதரம் விரலால் தடவினார். பிறகு, ஸ்பேனருக்காகக் கையை வெளியே நீட்டினார்.